பட்டா நிலத்து மரமென்றால் கேட்க நாதியில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலி – தென்காசி நான்குவழிச் சாலைக்காக மருத மரங்களைச் சாய்த்தபோதே வயிறு எரிந்தது. இப்போது ரம்பம் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது.

சென்ற வாரம் புளியங்குடியில் எங்கள் தெருவில், ஒரு வீட்டுமனை ஓரம் நின்ற வேப்பமரத்தை அறுத்துவிட்டார்கள். இருவர் கைகோர்த்தாலும் அடங்காத தூர். காலையில் மெஷின் ரம்பம் இரைந்தது; மதியத்துக்குள் அத்தனையும் விறகு எடைக்கு லாரியேறிவிட்டது. கிளையோடு விழுந்த காக்கைக் கூட்டில் குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. எலுமிச்சங்காய் மூட்டையை இறக்கிவைத்துப் பெண்கள் மூச்சு வாங்கிய இடத்தில் இப்போது சுள்ளென்று வெயில்.

கேட்டதற்கு, "எங்க பட்டா எடத்து மரம் அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன?" என்றார் உரிமையாளர். மரம் அவருடையதுதான், நிழல் தெருவுக்கே சொந்தமாக இருந்ததே! சருகு விழுகிறதாம். பெருக்கினால் தீர்ந்தது. கிளை கரண்டு கம்பியில் படுகிறதாம். கிளையைக் கழித்தால் போதுமே, தூரோடு அறுப்பானேன்?

அதைவிடச் சுட்டது, நான் முறையிடப் போன அலுவலகத்தில் கிடைத்த பதில்: "தனியார் இடத்தில் நாங்கள் தலையிட முடியாது. வேண்டுமானால் மரக்கன்று தருகிறோம்." முழங்கால் உயரக் கன்று இந்த மரத்துக்கு ஈடாக எத்தனை ஆண்டு ஆகும்? பசுமைத் தமிழ்நாடு இயக்கம் என்று 2022-இல் தொடங்கி, 33 விழுக்காடு பசுமைப் பரப்பை எட்டுவோம் என்கிறார்கள். நிற்கிற மரத்தைக் காக்காமல் நடுகிற கன்றுக்குப் படம் எடுத்து என்ன பயன்?

பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பட்டா நிலத்து வேம்புக்கும் புளிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மகாராஷ்டிர நகரங்களில் 1975 முதலும், டெல்லியில் 1994 முதலும் சொந்த மரத்தை வெட்டவும் அனுமதி கட்டாயம். ஹரியானாவோ 75 வயது தாண்டிய மரத்தைப் பராமரிப்பவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அதிகாரிகளே, கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் மனையில் நிற்கும் மரங்களையும் காட்டச் சொல்லுங்கள். மரத்தைக் காப்பவருக்கு வீட்டு வரியில் சலுகை கொடுங்கள். மனைக்காரர்களே, ரம்பக்காரரைக் கூப்பிடுமுன் தெருவில் ஒரு வார்த்தை கேளுங்கள். சருகு அள்ளவும் கிளை கழிக்கவும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புளியங்குடி.