திறந்திருக்கும் கதவுக்குத் தண்டம் வேண்டாம்

கடைத்தெருவின் சிறுகடைகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

நாங்கள் லண்டனில் சிறுகடை நடத்தும் தமிழர்கள். மளிகை, மரக்கறி, பத்திரிகை, நகை, தையல், சலூன் என்று எங்கள் தொழில்கள் பல. கடைத்தெரு தேய்கிறது என்று எல்லோரும் பேசும் இந்நாளில், கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்களின் நிலைப்பாட்டையும் பதிவு செய்வது எங்கள் கடமை.

சுருக்கமாக எங்கள் நிலைப்பாடு இது. இந்நாட்டின் கடைத்தெருக்கள் தேய்வதற்கு வாங்குபவர்களின் பழக்கம் மாறியது ஒரு காரணம். தெருவில் கதவைத் திறந்து வைத்திருப்பவருக்குக் கூடிய வரியையும் குறைந்த பாதுகாப்பையும் தரும் சட்டங்கள் இன்னொரு காரணம். சட்டம் ஏற்றிய பாரத்தைச் சட்டமே இறக்கலாம். அதையே கேட்கிறோம்.

எங்களுக்கு இதில் என்ன உரித்து?

இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் இங்கு வந்த எங்களில் பலர், பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் கடை எடுத்தவர்கள். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த், டூட்டிங், வெம்பிளியின் ஈலிங் றோட் ஆகிய தெருக்களில் இன்று முருங்கைக்காயும் இராசவள்ளிக்கிழங்கும் ஒடியல் மாவும் கிடைக்கின்றன. புதிதாய் வந்தவர் வாடகை அறை தேடியது இந்தக் கடைகளில்தான். மரண அறிவித்தல் ஒட்டப்படுவது இந்தக் கண்ணாடிகளில்தான். வழமையாய்ப் பால் வாங்கும் வெள்ளைக்கார அம்மா நாலு நாள் வராவிட்டால், "ஏன் ஆளைக் காணேல்லை?" என்று தேடிப் போவதும் கடைக்காரர்தான்.

நடந்தது என்ன?

2008 டிசம்பர் 27க்கும் 2009 ஜனவரி 6க்கும் இடையில் வூல்வேர்த் என்ற பல்பொருள் கடைச் சங்கிலியின் 807 கடைகள் மூடப்பட்டன. அது தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்தக் கடைகளுக்கு வந்த சனத்தை நம்பியிருந்த பக்கத்துச் சிறுகடைகள் மூடியதை எவரும் எண்ணவில்லை. பின்னர் வங்கிக் கிளைகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு இன்று கால்வாசிக்கு மேல்.

2011இல் சில்லறை வியாபார நிபுணர் மேரி போர்ட்டாஸ் கடைத்தெருக்களை மீட்க அரசுக்கு 28 பரிந்துரைகள் கொடுத்தார். அடுத்த ஆண்டு முதற்கட்டமாக 12 ஊர்கள் முன்னோடியாகத் தெரிவாகி, தலா ஒரு இலட்சம் பவுண் வரை பெற்றன. அந்த அக்கறையை மதிக்கிறோம். ஆனால் அந்தப் பணம் தெருவை அழகாக்க உதவியதே தவிர, கடைக்காரரின் வாடகையையும் வரியையும் தொடவில்லை.

வரிக் கணக்கைப் பாருங்கள். ஆண்டு வாடகை மதிப்பு 20,000 பவுண் என்று மதிப்பிடப்பட்ட ஒரு கடைக்கு, பவுணுக்கு 49.9 பென்ஸ் வீதம் பிஸ்னஸ் ரேட்ஸ் என்ற வணிகக் கட்டட வரி 9,980 பவுண். 2024-25இல் 75 சதவீதச் சலுகை இருந்ததால் அந்தக் கடை கட்டியது 2,495 பவுண். 2025-26இல் சலுகை 40 சதவீதமானது. கட்டவேண்டியது 5,988 பவுண். ஒரே கடை, ஒரே தட்டுகள், வரி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். 2026 ஏப்ரல் முதல் சலுகைக்குப் பதிலாகச் சிறு சில்லறைக் கடைகளுக்கு நிரந்தரமான குறைந்த வீதம்; 2026-27இல் அது 38.2 பென்ஸ். மதிப்பு மாறாதென்று வைத்தால் 7,640 பவுண். இடைக்காலத் தணிப்புகள் சில ஆண்டுகள் தாங்கலாம். போய்ச் சேருமிடம் அதுதான். ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் நிற்கும் இணைய வியாபாரக் களஞ்சியத்துக்கோ, ஒரு சதுர மீற்றருக்கான மதிப்பே கடைத்தெருவைவிட மிகக் குறைவு.

"சனம் இணையத்தை விரும்புகிறது, அதை ஏன் தடுக்கவேண்டும்?" என்று கேட்கிறார்கள். தடுக்கச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் இணையத்தில் வாங்குகிறார்கள். ஒரே பொருளை விற்கும் இருவரில் ஒருவர் தோளில் மட்டும் மூட்டையை ஏற்றிவிட்டு, ஓட்டத்தில் அவர் பிந்திவிட்டார் என்று சொல்லாதீர்கள் என்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. வரி. 12,000 பவுண் மதிப்புவரை முழு விலக்கு என்ற எல்லை 2017இலிருந்து அசையவில்லை. லண்டன் வாடகையில் அது சின்னஞ்சிறிய கடையையும் காக்காது. லண்டனுக்கு உயர்ந்த எல்லை வேண்டும்.

2. குத்தகை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமையைத் தருகிறது. கையெழுத்திட்டு அதை விட்டுக்கொடுக்கவும் இடம் வைக்கிறது. சட்டமொழி பிடிபடாமல், சாவி கிடைத்தால் போதுமென்று கையெழுத்து வைத்தவர்கள் எங்களில் பலர். ஆண்டுக்கணக்காய் உழைத்துப் பெயரெடுத்த கடையை அவர்கள் வெறுங்கையோடு விட்டு வந்தார்கள். சிறுகடைகளுக்கு இந்த விட்டுக்கொடுப்பை ஒழிக்கவேண்டும். வாடகை ஏறலாம், இறங்கக்கூடாது என்ற நிபந்தனைக்குத் தடை விதிக்க 2025இல் முன்வைக்கப்பட்ட யோசனையை ஆதரிக்கிறோம்.

3. வெறுங்கடைகள். ஓராண்டுக்கு மேல் பூட்டிக்கிடக்கும் கடையின் குத்தகையை ஏலம்விடும் அதிகாரம் 2024 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை. 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறில் ஆறு மணித்தியாலமே திறக்கலாம் என்ற 1994ஆம் ஆண்டு வரையறை நிலைக்கவேண்டும். 2016இல் அதைத் தளர்த்த வந்த யோசனையைப் பாராளுமன்றம் 317க்கு 286 என்று தோற்கடித்தது. அந்தத் தீர்ப்பை மாற்றவேண்டாம்.

5. பாதுகாப்பு. 2025 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான கடைத் திருட்டுகள் 530,000க்கு மேல். கடைக்காரர் அழைத்தால் பொலிஸ் வரவேண்டும். இரவு பத்து மணிக்குத் தனியே கல்லாவில் நிற்பவருக்கு, 200 பவுணுக்குக் குறைந்த திருட்டும் சிறிய விடயமல்ல.

எங்கள் உறுதிமொழி

கேட்பவர்களுக்குக் கடமையும் உண்டு. வேலையாட்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தைச் சம்பளச் சீட்டுடன் கொடுப்போம். "எங்கட பொடியன்தானே" என்று குறைக்கமாட்டோம். கள்ளச் சிகரெட் விற்கமாட்டோம். வயது பாராமல் மதுபானம் கொடுக்கமாட்டோம். காலாவதித் திகதி கடந்த பொருளைத் தட்டில் வைக்கமாட்டோம். இவற்றை மீறுபவருக்காகச் சங்கம் வாதாடாது.

எம்.பி.மாருக்கும் கவுன்சிலர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வரித் தீர்மானத்துக்குக் கையுயர்த்துமுன் ஒரு காலை எங்கள் கடைகளுக்கு வாருங்கள். ஐந்தரைக்குப் பத்திரிகைக் கட்டு வந்திறங்கும்போது ஷட்டர் திறந்திருக்கும். கணக்குப் புத்தகத்தையும் விரித்துக் காட்டுகிறோம்.