எதைச் சாப்பிடலாம்னு முதல்ல சொல்லுங்க சாமி!

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம் மூன்றாம் ஆண்டு. டெபிட், கிரெடிட் தவிர வேறு எதிலும் எனக்குப் பட்டம் கிடைக்கப் போவதில்லை. ஆனால் ஆறு வருஷமா உப்பின வயிற்றையும், கழன்று கழன்று நழுவும் மூட்டுகளையும் சுமந்துகொண்டு அலைகிறவன். அந்தத் தகுதியில் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

எஹ்லர்ஸ்-டான்லோஸ் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. 1901-ல் டென்மார்க் தோல் மருத்துவர் எட்வர்ட் எஹ்லர்ஸ், 1908-ல் பிரான்ஸ் தோல் மருத்துவர் டான்லோஸ், இந்த இருவரின் பெயரும் சேர்ந்து வந்த பெயர். உடம்பை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புத் திசு பிறவியிலேயே தளர்ந்து இருப்பதுதான் பிரச்சினை. 2017-ல் சர்வதேச அளவில் வகைப்படுத்தியபோது 13 வகை என்றார்கள். எனக்கு இருப்பது மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் வகை. இதற்கு மட்டும் காரணமான மரபணு இன்னும் பிடிபடவில்லை.

இணைப்புத் திசு மூட்டில் மட்டுமா இருக்கு? குடல் சுவரிலும் இருக்கு. அதனால் எங்களில் நிறையப் பேருக்கு நெஞ்செரிச்சல், உப்புசம், மலச்சிக்கல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு எல்லாம் உண்டு. சிலருக்கு இரைப்பை காலியாகவே நேரம் பிடிக்கும்.

இதை வெளியில் சொன்னால் போதும், ஆரம்பிச்சுடுவாங்க. அத்தை "பருப்பை நிறுத்து" என்பார். பெரியப்பா "ராத்திரி சோறே வேண்டாம்" என்பார். ஜிம்முக்குப் போகும் நண்பன் "குளூட்டன்தான் மச்சி எல்லாத்துக்கும் காரணம்" என்பான். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம், பாசத்தில் சொல்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இதையே சொல்பவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு ஒரு உணவு ஆலோசகர் (பெயர் வேண்டாம்) இரண்டு பக்கம் அச்சடித்த தாள் கொடுத்தார். "தவிர்க்க வேண்டியவை" என்று 40-க்கு மேல் அயிட்டம். கோதுமை, பால், வெங்காயம், பூண்டு, எல்லாப் பருப்பும், மாம்பழம், பலா... எத்தனை நாளைக்கு? அதில் இல்லை. பதிலுக்கு எதைச் சாப்பிடுவது? அந்தத் தலைப்பே இல்லை! ஐந்து மாதத்தில் 51 கிலோவிலிருந்து 44-க்கு வந்தேன். வயிறு கொஞ்சம் அமைதியானது உண்மை. ஆனால் எப்போதாவது நழுவும் தோள்பட்டை வாரத்துக்கு இரண்டு முறை நழுவ ஆரம்பித்தது.

ஏன்னு யோசிங்க. எங்களுக்கு மூட்டுகளைப் பிடித்து வைக்க வேண்டிய தசைநார்கள் தளர்வு. அந்த வேலையையும் சேர்த்துச் செய்வது தசைதான். பிசியோதெரபிஸ்ட் மாதக்கணக்கில் தசையைப் பலப்படுத்தச் சொல்வது அதனால்தான். சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் கரைவதில் தசையும் ஒன்று. இன்னொரு கொடுமை, உடம்பு பட்டினியில் இளைத்தால் இரைப்பை இன்னும் மெதுவாகத்தான் காலியாகும். ஆக வயிற்றுக்காக சாப்பாட்டைக் குறைக்கிறோம், அதனாலேயே வயிறு மந்தமாகிறது, உடனே இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் இது டெபிட் மட்டும் எழுதிக் கிரெடிட் எழுதாத கணக்கு. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"அப்போ டயட்டே வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவே இல்லை. டயட் உதவும். அரைகுறையாகக் கொடுக்கப்படும் டயட்தான் கெடுக்கும்.

உதாரணத்துக்கு ஃபாட்மேப். குடல் சரியாக உறிஞ்சாத, பாக்டீரியா நொதிக்க வைத்து வாயு கிளப்பும் சிறு சர்க்கரை வகைகளுக்கு ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-ல் வைத்த பெயர். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த இந்த முறையில் மூன்று கட்டம் உண்டு. இரண்டு முதல் ஆறு வாரம் மட்டும் குறைப்பது முதல் கட்டம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு வரை என்று பார்ப்பது இரண்டாவது. ஒத்துக்கொண்டதையெல்லாம் திரும்பச் சாப்பிடுவது மூன்றாவது. என் கையில் கொடுத்த தாளில் முதல் கட்டம் மட்டும் இருந்தது. வீட்டை இடித்துவிட்டு மேஸ்திரி ஊருக்குப் போன மாதிரி! அதிலும் இந்த முறையைப் பெரும்பாலும் சோதித்தது ஐபிஎஸ் எனும் எரிச்சல் குடல் பிரச்சினை உள்ளவர்களிடம். எங்கள் நோய்க்கென்று உருவானதே இல்லை.

அந்தக் குறைப்புக் கட்டத்தைக்கூட நம்ம சமையலுக்குள்ளேயே ஓட்டலாம். அரிசியில் குளூட்டன் கிடையாது, ஃபாட்மேப்பும் மிகக் குறைவு. பூண்டில் உள்ள ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. அதனால் முழுப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும். வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயம் இருக்கவே இருக்கிறது (கோதுமை ஆகாதவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சகஜம்). பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வாயு கிளப்பும் சர்க்கரை கொஞ்சம் போகும். இதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. ஆனால் என்ன விலைக்கு விற்கிறார்கள் தெரியுமா அந்தக் குளூட்டன் இல்லாத ரொட்டியை! ரசம் சோறு சாப்பிடுகிறவனுக்கு அது எதற்கு?

இன்னொன்று முக்கியம். கோதுமையை நிறுத்தும் முன்பு சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த முடிவு சரியாக வரும். நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் டெஸ்ட் எழுதுகிறவரை என்ன சொல்வது?

பொது அறிவுரைகளும் அப்படித்தான். "நார்ச்சத்து நிறைய சாப்பிடு" என்பது மலச்சிக்கல்காரருக்கு நல்லது. இரைப்பை மெதுவாக இயங்குகிறவருக்கு அதே நார்ச்சத்து வயிற்றில் கல்லாட்டம் உட்காரும். அவருக்குக் கஞ்சி, குழைந்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை என்பதுதான் சரிவரும். "உப்பைக் குறை" என்பது ரத்த அழுத்தக்காரருக்குச் சரி. எழுந்து நின்றாலே படபடத்து மயக்கம் வரும் பாட்ஸ் பிரச்சினையும் எங்களில் பலருக்கு உண்டு. அவர்களில் பலருக்கு டாக்டரே உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொல்வார். ஒரே பட்டியலை எல்லோருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பது எப்படி வைத்தியமாகும்?

கொலாஜன் பவுடர் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பிடுகிற கொலாஜன் வயிற்றில் துண்டு துண்டாகச் செரித்துத்தான் ரத்தத்தில் சேரும். அது நேராக என் தோள்பட்டைக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. பிறவிக் கோளாறை டப்பா சரிசெய்யும் என்று சொல்வது பச்சை வியாபாரம். வியாபாரம் படிக்கிறவனிடமே வேண்டாம் :-)

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒரு உணவை நிறுத்தச் சொன்னால், எத்தனை வாரத்துக்கு என்று தேதி போடுங்கள். அதற்குப் பதில் எதைச் சாப்பிடுவது என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள், குறைந்தால் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். இந்த மூன்றும் இல்லாத தாளுக்கு யாரும் ஃபீஸ் கொடுக்காதீர்கள்.

வகுப்பு நண்பர்களுக்கும் ஒன்று. கேன்டீனில் நான் பாதி தோசையோடு எழுந்தால் "டயட்டா மச்சி?" என்று கேட்காதீங்க. மீதியை ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவேன். அந்த நேரத்தில் வகுப்பில் டப்பாவைத் திறந்தால் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்க, பேசலாம். "சுரைக்காய் ஜூஸ் குடிச்சுப் பாரேன்" மட்டும் வேண்டாம். குடிச்சாச்சு.