மறுநாளே கனெக்‌ஷனாம்!

“ஃபாரின்ல எல்லாம் ஒரு போன் போட்டாப் போதும் சார், மறுநாள் கனெக்‌ஷன்!” நம் ஊர் வாக்கிங் கோஷ்டியில் தினமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். தொலைபேசித் துறையில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்தவன் என்பதால், சொல்லும்போது என் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இல்லை.

போன வருஷம் ஜெர்மனியில் மகள் வீட்டில் இருந்தோம். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன சமயம். வீட்டு போனும் இன்டர்நெட்டும் வருவதற்கு எட்டு வாரம் ஆயிற்று. நாள் இல்லை ஐயா, வாரம்!

முதலில் நகராட்சி அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. அதற்குப் பிறகு ஷூஃபா என்ற கடன் வரலாற்று ஜாதகம். புதிதாக வந்தவருக்கு அதில் ஏடே இருக்காது. கடன் வாங்காத மனிதர் என்று மெச்சமாட்டார்கள், யோசிப்பார்கள். எல்லாம் முடிந்தால் 24 மாத ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். 12 மாத ஒப்பந்தமும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். நாம் கேட்டால்தான் அது வெளியே வரும்.

டெக்னீஷியன் வருவதாகச் சொன்ன நாளில், காலை 8 மணியிலிருந்து வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் தகவல் வருகிறது: “வந்தோம், வீட்டில் ஆள் இல்லை.” விஷயம் என்னவென்றால், அங்கே ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, அழைப்பு மணியில் இருக்கும் பெயர்தான் விலாசம். எங்கள் மணியில் பழைய குடித்தனக்காரர் பெயரே இருந்தது. அந்தத் தகட்டை மாற்ற வேண்டியது கட்டட நிர்வாகம். அது அசைய மூன்று வாரம். வந்தவர் மகளுக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை. அடுத்த தேதி இன்னும் மூன்று வாரம் தள்ளி!

அந்த நாட்களில் என் அக்கா ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். முகம் பார்க்க மாப்பிள்ளையின் மொபைல் டேட்டா ஒன்றுதான் கதி. மாதக் கடைசியில் அது தீர்ந்து வேகம் படுத்துவிட்டால், அக்காவின் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எண்பது வயசுக்காரி, “என்னடா, உன்னைப் பார்க்கவே முடியலையே” என்றார்.

நம் துறையின் லட்சணம் எனக்குத் தெரியாதா? 1980-களில் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் இடமில்லை, கேபிள் இல்லை. அங்கேயோ கேபிள் வீட்டுச் சுவர் வரை வந்து நிற்கிறது. எங்கள் லைன்மேன் தெருமுனை டீக்கடையில் விசாரித்தாவது வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். அது அவர் வேலை என்று அவர் நினைத்தார்.

இன்னொன்று, துறைக்காரன் என்ற முறையில். பழைய செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வரும். ஊரே இருண்டாலும் டாக்டரைக் கூப்பிடலாம். இப்போது அங்கே வீட்டு போன் ரூட்டரில் தொங்குகிறது. கரண்ட் போனால் போனும் போச்சு. நம் ஊரில் ஃபைபர் போன் வாங்கியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். தனியாக இருக்கும் பெரியவர்கள் ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

2021 டிசம்பர் முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. டெக்னீஷியன் சொன்ன நாளில் வராவிட்டால் 10 யூரோ, அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அது நஷ்டஈடு. வாடிக்கையாளர் மேல் தப்பு இருந்தால் கிடையாது. இந்த வாலைத்தான் கம்பெனி பிடித்துக்கொண்டது. ஆள் இருந்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி யார்? டெக்னீஷியன் எழுதி வைத்த குறிப்பு. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த கிழவன் சாட்சி இல்லை. அவனுக்கு ஜெர்மன் தெரியாது. ஹாட்லைனில் இங்கிலீஷில் பேசினால், ஜெர்மனில் பேசச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். சட்டம் நல்ல சட்டம்தான், ஆனால் பாஷை தெரிந்தவனுக்கு மட்டும் என்றால் அது என்ன நியாயம்?

மகள் விடவில்லை. மணித் தகட்டைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஜெர்மனில் மூன்று கடிதம் எழுதினாள். கடைசியில் பில்லில் 10 யூரோ கழித்தார்கள்.