ஃபார்வர்டு விதி எந்தக் கணினியில் ஓடுகிறது?

தானாக ஃபார்வர்டு செய்யும் விதி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், விதியின் வாசகத்தைத் திறப்பதற்கு முன் அது எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அவுட்லுக்கில் எழுதும் விதி சர்வரில் போய்ச் சேரலாம், மேசைக் கணினியிலேயே தங்கிவிடவும் செய்யலாம். தண்டர்பேர்டு ஃபில்டர் எப்போதும் கணினியில்தான். சர்வரில் உள்ள விதி இரவு பகல் பாராமல் ஓடும். கணினியில் உள்ளது நிரல் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விதியை அழித்து அழித்து எழுதுவதில்தான் கணினி பழுது பார்க்கும் சேவையாளரின் பாதி நாள் போகிறது.

காஞ்சிபுரத்தில் பாலாற்றை ஒட்டிய ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதியில் இதை நன்றாகப் பார்க்கலாம். சிறிய பட்டு நிறுவனத்தில் பெரும்பாலும் ஒரே மெயில் முகவரி, ஒரே கணினி. ஆர்டர் மடல் வந்தால் மாஸ்டர் வீவருக்கும் கணக்கு பார்ப்பவருக்கும் போக வேண்டும் என்று தண்டர்பேர்டில் ஃபில்டர் போட்டிருப்பார்கள். நியூஜெர்சியிலோ டொரண்டோவிலோ இருப்பவர் தம் பகல் நேரத்தில் அனுப்பும் மடல் இங்கே கடை பூட்டிய பிறகு வந்து சேரும். காலையில் முதலாளி வீட்டிலேயே கைபேசியில் அதைப் படித்துவிடுவார். பிறகு கடைக்கு வந்து கணினியைப் போட்டால் மடல் இன்பாக்ஸில் இருக்கும்; ஃபார்வர்டு ஆகியிருக்காது.

காரணம், ஐமேப் கணக்கின் இன்பாக்ஸில் தண்டர்பேர்டு ஃபில்டர் படிக்கப்படாத புது மடல் மீது மட்டுமே தானாகப் பாயும். கைபேசியில் படித்த உடனேயே சர்வரில் அந்த மடலுக்குப் 'படித்தது' என்ற குறி விழுந்துவிடுகிறது. மறுநாள் முதலாளி படிக்காமல் விட்ட மடல் ஒழுங்காகப் போகும். 'சில நாள் போகுது, சில நாள் போகல' என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. ஃபில்டரில் குறை ஒன்றும் இருக்காது. ஃபில்டர் ஜன்னலில் உள்ள லாக்கை இயக்கி வைத்தால், எந்த மடல் மீது எந்த ஃபில்டர் எப்போது ஓடியது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பாப் கணக்கில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு கணினிகள் ஒரே முகவரியைப் பார்க்கும்போது, சர்வரில் நகலை விட்டுவைக்காத கணினி முதலில் வந்து மடலை எடுத்துக்கொண்டு போய்விடும். விதி இருக்கும் கணினிக்கு அது வந்தே சேராது.

எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கில் ஃபார்வர்டு விதி இயல்பாகச் சர்வரில் ஓடும். ஆனால் அதே விதியில் ஒலி எழுப்பு, அச்சிடு, கணினியில் உள்ள பிஎஸ்டி கோப்புக்கு நகர்த்து என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிட்டால் முழு விதியும் கணினிக்கு இறங்கிவிடும். விதிகளின் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'கிளையன்ட்-ஒன்லி' என்று அவுட்லுக்கே எழுதிக் காட்டுகிறது. அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறவர்கள் அதிகம். மருந்து சுலபம்: விதியை இரண்டாகப் பிரித்து, ஃபார்வர்டை மட்டும் தனி விதியாக வைக்க வேண்டும்.

விதி ஓடுகிறது என்று உறுதியான பிறகே வாசகத்துக்கு வர வேண்டும். மேலே உள்ள விதியில் 'இதற்கு மேல் விதிகளைப் பார்க்காதே' என்ற குறி இருந்தால் கீழே உள்ளது ஓடாது. சொற்களை நம்பி எழுதிய நிபந்தனையும் அடிக்கடி ஏமாற்றும். சேலை என்பதை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். விதியில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றதை எழுதும் வாடிக்கையாளரின் ஆர்டர் நின்றுவிடும். சொல்லை விட முகவரியை நிபந்தனையாக வைப்பது பாதுகாப்பு. ஆர்டருக்கென்று தனி முகவரி திறந்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

அடுத்தது, போயும் சேராத மடல். கணினி விதி ஃபார்வர்டு செய்யும்போது அது புது மடலாக எஸ்எம்டிபி வழியே வெளியே போகிறது. வெளியே அனுப்பும் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தால் மடல் வருவது வழக்கம்போல நடக்கும், ஃபார்வர்டு மட்டும் அவுட்பாக்ஸில் தேங்கும். எனவே அவுட்பாக்ஸ், அனுப்பியவை, பெறுபவரின் ஸ்பேம் என மூன்றையும் பார்க்காமல் விதியில் கை வைக்கக் கூடாது.

'ரீடைரக்ட்' என்ற தேர்வு இன்னும் நுட்பமானது. ஃபார்வர்டில் அனுப்புநராகக் கடையின் முகவரி நிற்கும். ரீடைரக்டில் வாடிக்கையாளரின் முகவரி அப்படியே நிற்கும். பதில் எழுத வசதிதான், ஆனால் பெறும் சர்வருக்குச் சந்தேகம் வரும். தன் பெயரில் மடல் அனுப்பலாம் என்று வாடிக்கையாளரின் டொமைன் அறிவித்துள்ள சர்வர்களின் எஸ்பிஎஃப் பட்டியலில் கடையின் சர்வர் இருக்காது. அனுப்பிய டொமைன் மடலில் இட்ட டிகிம் கையொப்பம் சிதையாமல் இருந்தால் மடல் தப்பும். நடுவில் யாராவது அடிக்குறிப்பு சேர்த்தால் அதுவும் உடையும். இரண்டும் தவறிய மடலை என்ன செய்வது என்று சொல்லும் அனுப்புநரின் டிமார்க் கொள்கை 'நிராகரி' என்றிருந்தால் மடல் அங்கேயே முடிந்தது. 2014 ஏப்ரலில் யாகூ இந்தக் கொள்கைக்கு மாறியபோது உலகம் முழுதும் மடற்குழுக்கள் தடுமாறியது இதனால்தான்.

மைக்ரோசாஃப்ட் 365இல் நிறுவனத்துக்கு வெளியே தானாக ஃபார்வர்டு செய்வது 2020 முதல் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. 5.7.520 என்ற எண்ணுடன் மடல் திரும்பினால் விதியைத் திருத்திப் பயனில்லை; நிர்வாகி கொள்கையில் அனுமதி தர வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களில் அந்த அனுமதியைக் கேட்கவே கூடாது. அரசு முகவரிக்கு வரும் மடலை அலுவலரின் சொந்த வெளி முகவரிக்கு ஃபார்வர்டு செய்வதை 2015இன் மின்னஞ்சல் கொள்கையே தடை செய்துவிட்டது. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களுக்குப் போகும் சேவையாளர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோதனை மடலை மூன்றாவது முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும். ஃபார்வர்டு போய்ச் சேர வேண்டிய அதே ஜிமெயிலிலிருந்து அனுப்பிச் சோதித்தால், தான் அனுப்பிய மடலே திரும்பி வருவதாகக் கண்டு ஜிமெயில் அதை இன்பாக்ஸில் புதிதாகக் காட்டாமல் விடலாம். நன்றாக ஓடும் விதியைக் கெட்டது என்று முடிவு கட்டிவிட நேரும்.

இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, கடையில் யாரும் எழுதாத விதி. கடவுச்சொல்லைத் திருடியவர் அடிக்கடி செய்வது, பில், பணம் என்ற சொற்கள் உள்ள மடல்களை வெளியே அனுப்பும் விதி ஒன்றைப் போட்டுவைப்பதுதான். பிறகு சரியான நேரத்தில் வாடிக்கையாளருக்கு வேறொரு வங்கிக் கணக்கு எண் போகும். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அழியாது. ஆகவே எந்தப் புகாருக்குப் போனாலும், கணினி, வெப்மெயில், சர்வர் அமைப்பு ஆகிய மூன்றிலும் உள்ள விதிகள் முழுவதையும் உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அவருக்குத் தெரியாத முகவரி ஒன்று தென்பட்டால் அதைப் படம் எடுத்துவைத்த பிறகே நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு.

நிரந்தரத் தீர்வு மேசைக் கணினியில் கிடையாது. இரண்டு மூன்று பேர் ஒரே ஆர்டரைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஃபார்வர்டை விடப் பொது அஞ்சல்பெட்டி நல்லது. யார் பதில் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும், நகல்கள் சிதறாது. அது இயலாத இடத்தில் விதியை ஜிமெயில், ஜோஹோ அல்லது ஹோஸ்டிங் சர்வரின் அமைப்புக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பின் கணினியில் உள்ள பழைய விதியை நீக்க மறந்தால் ஒவ்வொரு ஆர்டரும் இரண்டு முறை போகும். நெசவுக்காரர் அதை இரண்டு சேலை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

வேலை முடித்துக் கிளம்பும் சேவையாளர், விதி எங்கே ஓடுகிறது, யாருக்குப் போகிறது, எந்தத் தேதியில் போட்டது என்று தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.