ஊரின் பெயரே சங்கத்தின் மூலதனம்

திராட்சை மதுவைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதலாமா என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். குடியைப் புகழ்வது நமது நோக்கமன்று. அதனால் குடும்பங்கள் படும் துயரை நாம் அறியாதோமும் அல்லோம். ஆயினும், ஒரு பள்ளத்தாக்கின் குணம் எவ்வாறு பண்டத்தில் இறங்குகிறது, அதனால் வரும் விலை எவர் கைக்குச் சேர்கிறது என்பதைச் சிவப்புத் திராட்சை மதுவைப் போலத் தெளிவாகக் காட்டும் பண்டங்கள் சிலவே. நெசவாளரும் விவசாயியும் அதில் கற்கத்தக்கது உண்டு.

முதலில் அதன் குணத்தைக் காண்போம். கருந்திராட்சையிலும் பெரும்பாலும் சாறு நிறமற்றதே. நிறம் தோலில் உள்ளது. ஆகவே பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் தொட்டியில் புளிக்க விடுகின்றனர். மிதக்கும் தோலை அடிக்கடி சாற்றில் அமிழ்த்துவர். நிறமும் துவர்ப்பும் அப்போதுதான் சாற்றில் இறங்குகின்றன. இத்துவர்ப்பு நம் நெசவாளருக்குப் புதிதன்று. பருத்தி நூலில் சாயம் பிடிக்கும்பொருட்டுக் கடுக்காய் நீரில் தோய்ப்பது பழைய வழக்கமல்லவா? அதே இனத்துத் துவர்ப்புச் சத்துதான் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து, மதுவின் நிறம் நிலைக்கத் துணைபுரிகிறது.

இனி மண்ணின் பங்கு. ஜெர்மனியில் ரைன் நதியில் கலக்கும் ஆர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கு குளிர்நாட்டின் வடபுறத்தில் உள்ளது. அத்தகைய இடத்தில் கருந்திராட்சை நன்கு பழுப்பது எளிதன்று. ஆனால் அங்குள்ள செங்குத்தான சரிவுகளின் பலகைக்கல் பகல் வெயிலை வாங்கி வைத்து, இரவில் கொடிக்கு வெப்பம் ஊட்டுகிறது. அதனால் அச்சிறு வட்டாரம் சிவப்பு மதுவுக்கே பெயர் பெற்றது. அங்கே மைஷோஸ் கிராமத்தில் 1868-ஆம் ஆண்டு 18 குடியானவர் கூடிச் சங்கம் அமைத்தனர். உலகின் மிகப் பழைய திராட்சை மதுக் கூட்டுறவுச் சங்கமாக அது போற்றப்படுகிறது. 2021 ஜூலையில் பெருவெள்ளம் அப்பள்ளத்தாக்கை அழித்தபோது, சேறு படிந்த புட்டிகளை அவ்வட்டாரத்தார் அப்படியே விற்றுப் புனரமைப்புக்குப் பணம் திரட்டினர். வாங்கியோர் மதிப்பளித்தது புட்டிக்கு மட்டுமன்று, ஊரின் பெயருக்கும் ஆகும்.

நமது ராஜ்யத்தில் இதனோடு ஒப்பிடத்தக்கது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வளம் பெற்ற பூமி அது. அங்கே பந்தலில் விளையும் பன்னீர் திராட்சையை மேனாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் கொடி உறங்குவதால் ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்திலோ கவாத்துக் காலத்தை மாற்றி, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கின்றனர். மதுவுக்கென்றே வளர்க்கும் இனங்களில் மணி சிறியது. சாற்றை நோக்கத் தோல் அதிகம். பன்னீரோ உண்பதற்கேற்ற, சாறு மிகுந்த கனி. அதில் செய்யும் மது நிறம் மெலிந்து, துவர்ப்புக் குறைந்து, மணம் மேலோங்கி நிற்கும். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்தால் போதுமா? பறித்த பழம் நெடுநாள் தாங்காது. அன்றைய விலையை மறுக்கத் தனி விவசாயிக்கு வலிமை இல்லை. மேலும், 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, குறியீட்டைப் பதிவு செய்த அமைப்பு வேறு. அதனைப் பயன்படுத்த அனுமதி பெற்றவராகத் தனியே பதிவு செய்துகொள்ளும் உற்பத்தியாளர் வேறு. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின் புதுப்பிக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கும் இச்சட்டமே. பதிவகம் சென்னையிலேயே உள்ளது. எனவே அங்கத்தினரின் பதிவு மனுக்களைத் திரட்டி அனுப்புவது அந்தந்தச் சங்கத்தின் முதற்கடமை.

அதனினும் கடினமான கடமை ஒன்று உண்டு. ஐரோப்பியத் திராட்சைச் சங்கங்கள் பல, பழத்தை எடையால் மட்டும் மதிப்பதில்லை. சர்க்கரையின் அளவைச் சோதித்தே விலை கொடுக்கின்றன. நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களிலோ, தரம் பிரிப்பது என்ற பேச்சு எழுந்ததும் கூட்டம் சலசலக்கிறது. "நம்மவர் சரக்கை நாமே ஒதுக்குவதா?" என்கின்றனர். இவ்விரக்கம் இயல்பானதே. ஆனால் ஒருவருடைய மட்டமான சேலையை இரக்கத்தால் ஏற்கும் சங்கம், நன்றாக நெய்த நூறு பேரின் கூலியை அல்லவா குறைக்கிறது?

மணிமங்கலத்தைச் சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் நிறைந்துள்ளன. அங்கே உருவாகும் மோட்டார் வாகனத்தை வேறோர் ஊரில் செய்தாலும் அது அதே வாகனமே. பழமும் பட்டும் அவ்வாறல்ல. அவற்றின் மதிப்பில் ஊருக்கும் பங்குண்டு. நம் பிள்ளைகள் ஆலைச் சம்பளத்தை நாடிச் செல்வதைக் குறை கூறிப் பயனில்லை. தறியும் தோட்டமும் மதிக்கத்தக்க வருவாய் தருமாயின், அவர்களுள் சிலரேனும் நிற்பர். அவ்வருவாய்க்கு வழி, ஊரின் பெயரைப் பொதுச் சொத்தாகக் கருதிக் காப்பதே. அடுத்த பொதுக்குழுவில் தரம் பிரிக்கும் விதியைத் தீர்மானமாகக் கொணர்ந்து, அதற்குத் தம் சரக்கையே முதலில் உட்படுத்துமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.