கல்லாப்பெட்டியில் கந்தகம்

வெடிமருந்து விற்கும் உரிமை அரசிடமே இருத்தல் வேண்டும். கண்டவர் கையில் சிக்கினால் ஊர் எரியும் என்பர். நாம் மறுக்கவில்லை. 1848இல் சுவிட்சர்லாந்து தன் அரசியல் சட்டத்திலேயே அவ்வாறு எழுதி வைத்தது. ஆனால், காவலனாக நிற்க வேண்டிய அரசு கடைக்காரனாக அமர்ந்து காசை எண்ணத் தொடங்கும்போது, அக்காசு எவன் முதுகிலிருந்து உரிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள், தோழர்களே! வெடிமருந்து ஆக்கவும் விற்கவும் மன்னனுக்கே உரிமை. அதை அவன் பணமூட்டைகளுக்குக் குத்தகைக்கு விட்டான். வெடியுப்பு தோண்டுவோர் குடியானவனின் தொழுவத்தில் நுழைவர், நிலவறையில் நுழைவர், மண்ணைப் பெயர்த்தெடுப்பர். தடுக்க அவனுக்கு உரிமையில்லை! 1775இல் அமைச்சர் துர்கோ குத்தகையை ஒழித்து, அரசே நேரில் நடத்தும் நிர்வாகத்தை ஏற்படுத்தினார். வேதியியல் மேதை இலவாசியே அதன் நால்வருள் ஒருவர். மருந்தின் தரம் உயர்ந்தது, கருவூலமும் நிறைந்தது. வீடு புகுந்து தோண்டும் கொடுமையை நிறுத்தவும் வழி தேடினர். அறிவு ஆட்சியில் அமர்ந்தால் அவ்வளவேனும் நடக்கும்.

இங்கே நடந்தது என்ன? உயர்ந்த வெடியுப்பு விளைந்த மண் பீகார். பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டே, 1758இல், கிளைவ் அதன் தனியுரிமையை மீர் ஜாபரிடமிருந்து பெற்றார். வணிகம் செய்ய வந்த கம்பெனி அரசாகவும் ஆயிற்று, வாணிகனாகவும் நின்றது. ஆண்டுதோறும் 500 டன் வெடியுப்பை ஆங்கில அரசுக்கு விற்க வேண்டும் என்பது 1693ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே அதற்கு விதிக்கப்பட்டிருந்த கடமை. பீகார் மண் இலண்டனில் பீரங்கிக்கு இரையாயிற்று.

அந்த மண்ணைச் சுரண்டியவர் யார்? நூனியா என்னும் சாதியார். மாட்டுக் கொட்டிலிலும் பழஞ்சுவரடியிலும் பூத்த உப்பு மண்ணை வாரி, நீரில் கரைத்து, வடித்து, அடுப்பில் காய்ச்சினர். முன்பணம் கொடுத்தவனிடமே சரக்கை ஒப்படைத்தனர். பின்னாளில், காய்ச்சும்போது கூடவே படியும் சோற்றுப்பு உப்பு வரிக்கு ஊறு செய்யுமென்று, அத்தொழிலுக்கு உரிமச்சீட்டும் கட்டாயமாயிற்று. உலகை நடுங்க வைத்த சரக்கைத் தந்தவர், ஊரில் கீழ்ச்சாதி!

அவர்களுள் பலர் இருபதாம் நூற்றாண்டில் தங்களைச் சௌகான் இராசபுத்திரர் என்று அறிவித்துப் பூணூல் அணிந்தனர். நாம் அவர்களைப் பழிக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு அவர்கள் காய்ச்சிய உப்புக்குக் கணக்குக் கேட்கலாம் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நூலை அணிந்தால் இழிவு தீரும் என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது.