பூட்டிய பெட்டிக்குள் கணிதம்!

லாபம் இல்லாவிட்டால் எவனும் உழைக்க மாட்டான், தனிச்சொத்து இல்லாவிட்டால் விஞ்ஞானம் வளராது என்று முதலாளித்துவப் பண்டிதர்கள் பாடும் பல்லவி மிகப் பழையது. மென்பொருள் விஷயத்தில் அந்தக் குரல் இன்னும் உரக்கவே ஒலிக்கிறது. மூல நிரலை ஊருக்கெல்லாம் திறந்து காட்டினால் கம்பெனி எப்படிப் பிழைக்கும் என்று அங்கலாய்க்கிறார்கள். கம்பெனி பிழைப்பது இருக்கட்டும். கணிதம் பிழைக்குமா என்று நாம் கேட்கிறோம்.

இயற்கணிதச் சேர்மானவியல் என்று ஒரு துறை உண்டு. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம், பிரிக்கலாம், அடுக்கலாம் என்பதை இயற்கணிதத்தின் துணையோடு ஆராய்வதே அது. 4 என்ற எண்ணை 5 விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. சரி, 200 என்ற எண்ணை? 39,72,99,90,29,388 விதங்களில்! மேஜர் மக்மஹோன் 200 வரை ஓர் அட்டவணையைக் கையாலேயே கணக்கிட்டுப் போட்டார். நமது ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தை அந்த அட்டவணையோடு ஒத்துப் பார்த்தார்கள். அட்டவணை போட்ட விதத்தில் ரகசியம் ஏதுமில்லை. 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லர் உலகத்துக்குச் சொல்லி வைத்த வழி. சந்தேகம் கொண்டவன் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கட்டணம் கேட்டு எந்தக் கம்பெனியும் குறுக்கே வரவில்லை.

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் 1988-ல் அமெரிக்காவில் வெளிவந்த மேத்தமாட்டிகாவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? முடியாது! மூல நிரல் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. உள்விவரங்களை அறிவது நடைமுறையில் அப்படியொன்றும் முக்கியமல்ல என்று அதன் கையேடே உபதேசம் செய்தது. பள்ளிக்கூடத்துப் பையன் விடையை மட்டும் எழுதினால், வழி எங்கேடா என்று வாத்தியார் காதைத் திருகுகிறார். கம்பெனி விடையை மட்டும் தந்தால் சர்வகலாசாலை பணம் கட்டி வாங்கிக்கொள்கிறது!

இதன் பலன் என்ன? ஸ்பெயின் தேசத்துக் கணித அறிஞர்கள் மூவர் முழு எண்களால் ஆன அணிகளின் அணிக்கோவைகளை மேத்தமாட்டிகாவில் கணக்கிட்டார்கள். விடை தவறாக வந்தது. அதே அணியை மறுபடி கொடுத்தால் வேறொரு விடை! 2013 அக்டோபரில் புகார் செய்தார்கள். தவறுதான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. மாதங்கள் கடந்தும் பிழை தீரவில்லை என்று 2014-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். நிரல் திறந்திருந்தால் அவர்களே உள்ளே புகுந்து பார்த்திருப்பார்கள். பூட்டிய கதவின் முன்னால் மனுவோடு நிற்பதைத் தவிர அவர்களால் என்ன செய்ய முடியும்?

சேர்மானவியல்காரர்கள் இந்தப் பாடத்தை வேறு வழியிலும் கற்றார்கள். 2000-ல் பிரான்சில் ஃப்ளோரான் இவெர், நிக்கொலா தியேரி ஆகிய இருவரும் சக ஆய்வாளர்கள் கூடி எழுதும் ஒரு நிரல் தொகுதியைத் துவக்கினார்கள். அந்தத் தொகுதி எல்லோருக்கும் திறந்தது. ஆனால் அது நின்ற அஸ்திவாரமான மூபாட், ஜெர்மனியின் பாடர்போர்ன் சர்வகலாசாலையில் பிறந்து பின்னர் ஒரு கம்பெனியின் சரக்கானது. வீடு நமது, மனை இன்னொருவனுடையது! 2008-ல் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சேஜ் என்ற திறந்த மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டில் மாத்வொர்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி மூபாடை விலைக்கு வாங்கியது. தனியாக விற்பதை நிறுத்தி, தனது மாட்லாபுக்குள் சேர்த்துக்கொண்டது. புறப்படாமல் இருந்திருந்தால் அத்தனை பேரின் உழைப்பும் நடுத்தெருவில் நின்றிருக்கும்.

சேஜை 2005-ல் துவக்கியவர் வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். அவர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லை. ஜெர்மனியின் ஆஹன் நகரில் பிறந்த காப், பிரான்சின் போர்தோவில் பிறந்த பாரி என்று பலர் ஏற்கனவே திறந்து வைத்தவற்றை ஒரே கூரையின் கீழ் இணைத்தார். பல தேசத்தவர் அதில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பரிசீலித்த பிறகே அது சேர்க்கப்படும். ஒவ்வொரு பகுதிக்கும் உதாரணக் கணக்குகள் வேண்டும். அவை திரும்பத் திரும்பத் தானாகவே சோதிக்கப்படுகின்றன. சேஜில் பிழைகள் இல்லையா? உண்டு. ஆனால் பிழைப் பட்டியலும் சந்தியில்தான் தொங்குகிறது. திருத்தத் தெரிந்தவன் திருத்தலாம். லாபம் இல்லாவிட்டால் உழைப்பில்லை என்ற பண்டிதர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஒரு பதில் உண்டு. அந்த ஸ்டைனே 2016-ல் சர்வகலாசாலையை விட்டு முழு நேரமும் தம் கம்பெனியில் உழைக்கப் போவதாக அறிவித்தாரே என்பார்கள். உண்மைதான். கூட்டுழைப்பு தோற்றதால் அல்ல. கூட்டுழைப்புக்குச் சோறு போட வேண்டியவர்கள் கைவிட்டதால்! கட்டுரைகளை எண்ணி உத்தியோகம் கொடுக்கும் கமிட்டிகளின் கண்ணில், ஆயிரம் பேர் பயன்படுத்தும் நிரல் ஒரு துரும்பாகவும் படுவதில்லை. இளம் ஆராய்ச்சியாளன் இரவில் நிரல் எழுதுகிறான், பகலில் வேலை தேடுகிறான். இலவசம் என்றால் எழுதியவனுக்குப் பசிக்காது என்று யார் சொன்னது?

சர்க்கார்கள் மனம் வைத்தால் முடியும். சேஜ் உள்ளிட்ட திறந்த கணித மென்பொருள்களுக்காக, தியேரியின் தலைமையில் 2015 முதல் 2019 வரை நடந்த ஒரு திட்டத்துக்கு ஐரோப்பிய யூனியன் சுமார் 76 லட்சம் யூரோ கொடுத்தது. அந்தப் பணத்தில் முழு நேர மென்பொருள் பொறியாளர்களை அமர்த்த முடிந்தது. 2019-ல் திட்டம் முடிந்தது; பணமும் முடிந்தது. பாலம் கட்டினால் பராமரிக்க ஆள் வைக்கிறார்கள். கணித நிரலுக்கு மட்டும் நான்கு வருஷக் கெடுவா?

கம்பெனிகளின் உரிமக் கட்டணத்துக்காக வருஷந்தோறும் பொதுப்பணத்தை எடுத்து நீட்டும் சர்வகலாசாலைகள், அந்தப் பணத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்கு நிரந்தரப் பதவிகளை ஏற்படுத்தட்டும். உத்தியோகக் கமிட்டிகள் நிரலையும் ஆராய்ச்சியாகக் கணக்கிடட்டும்.